கட்டிலுக்கு அடியில் பத்து லிட்டர்

போன வருஷம் பங்குனி மாதம் நடந்தது இது. கல்வராயன் மலைமேல் ஒரு சின்ன ஊரில் ரேஷன் கடை விற்பனையாளராக இருக்கிறேன். வீடு மலை அடிவாரத்தில், வடக்கனந்தலில். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் பைக்கில் மலையேறுவேன். அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில் எல்லாம் போட்டுவிட்டு, சாயங்காலம் நாலரை மணிக்குக் கடையைப் பூட்டி இறங்குவேன். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு.

என் தொழிலே பங்கு போடுவதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. பொங்கல் சமயத்தில் கூட்டம் முண்டியடிக்கும்போது, "இருக்கறது எல்லாருக்கும் வரும். ஒருத்தரே ரெண்டு பங்கு கேட்டா பின்னால நிக்கிறவங்க வாயில மண்ணா?" என்று சத்தம் போடுகிற ஆள் நான். யாராவது நைசாக அடுத்தவர் கார்டையும் சேர்த்து நீட்டினால் முறைப்பேன். மலை சனங்கள் என்னை நியாயமான ஆள் என்று சொல்வார்கள். நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. எங்கேயோ வெளிநாட்டில் சண்டையாம், எண்ணெய்க் கப்பல் வராதாம், நாளையிலிருந்து பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறப்போகிறதாம், பத்து நாளைக்கு பங்க் எதுவும் திறக்காதாம். எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரே தகவல் ஏழு குரூப்பில் வந்தால் அது உண்மையாகிவிடுகிறது. சோறு தின்றுகொண்டிருந்தவன் பாதியில் கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தேன்.

கள்ளக்குறிச்சி ரோட்டில் இருக்கிற பங்க்குக்குப் போனால் திருவிழாக் கூட்டம். வரிசை ரோட்டுக்கு வந்து, வளைந்து, பக்கத்து டீக்கடை வரைக்கும் போயிருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று டீசலுக்கு நடுவில் புகுந்து மாட்டிக்கொண்டு நின்றது. ஒருவர் மருந்தடிக்கும் ஸ்பிரேயர் டப்பாவை முதுகிலிருந்து இறக்கி, "இதுல ஊத்து" என்று சண்டை போட்டார். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு ஆள் திரும்பிப் பார்த்து என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"டேய், ரேஷன் கடைக்காரரே வந்து நிக்கிறாருடா. அப்ப கண்டிப்பா தட்டுப்பாடுதான்!" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு இன்னும் நெருக்கியடித்து நின்றார்கள். அன்றைக்கு என்னைப் பார்த்துப் பயந்து எத்தனை பேர் கூடுதலாக வாங்கினார்களோ தெரியாது.

டேங்க்கை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கேனில் தரமாட்டார்கள் என்பதால் அதற்கு ஒரு வழி எல்லாரும் கண்டுபிடித்திருந்தார்கள். டேங்க் நிறைய வாங்கி வந்து வீட்டில் டியூப் போட்டு உறிஞ்சி எடுப்பது, காலி டேங்க்கோடு மறுபடி வரிசையில் நிற்பது. எனக்கு மற்றவர்களைவிட வசதி ஜாஸ்தி. முன்பு கடையில் மண்ணெண்ணெய் போட்ட காலத்து கேன் இரண்டு, அஞ்சஞ்சு லிட்டர் பிடிப்பது, வீட்டுப் பரணில் கிடந்தது. புனலும் ரப்பர் டியூப்பும்கூட இருந்தன. கேன் மேல் சிவப்பு பெயின்ட்டில் கடை நம்பரை நானே ஒரு காலத்தில் எழுதியிருந்தேன். மனைவி புனலைப் பிடிக்க, நான் டியூப்பில் வாய் வைத்து இழுத்தேன். ஒரு வாய் பெட்ரோல் தொண்டை வரைக்கும் போய்விட்டது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மறுபடி இழுத்தேன்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் இதே வேலை. திங்கட்கிழமை ஒரு வண்டிக்கு இருநூறு ரூபாய்க்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். சங்கராபுரம் ரோடு வரைக்கும் போய் மூன்று பங்க்கில் நின்றேன். சாயங்காலம் பார்த்தால் இரண்டு கேனும் நிறைந்து, டேங்க்கும் நிறைந்திருந்தது. கேன்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, பழைய போர்வையால் மூடினோம். வீடெல்லாம் நாற்றம். மனைவி இரண்டு நாளாக ஊதுபத்தி ஏற்றவில்லை. எமனைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு மேலே நாங்கள் படுத்திருந்தோம். ஆனால் எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஊரே தவிக்கும்போது நம்மிடம் இருக்கிறது என்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். மலைமேல் நிலைமை வேறு. அங்கே பங்க் கிடையாது. பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தொங்கவிட்டு, பங்க் விலைக்கு மேல் கொஞ்சம் வைத்து விற்பார்கள். அந்த வாரம் அதே பாட்டில் இரண்டு மடங்கு விலைக்குப் போய், செவ்வாய்க்கிழமை காலையோடு அதுவும் தீர்ந்துவிட்டது. கீழே போய் நிரப்பலாம் என்றால், கீழே போவதற்கே பெட்ரோல் வேண்டும். ஏறக்குறைய எல்லார் வண்டியும் வாசலில் நின்றது.

அந்த ஊரில் செல்போனும் எடுக்காது. மூன்று கிலோமீட்டர் மேலே ஏறினால் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் நின்றால்தான் சிக்னல். அதற்குப் போன் பாறை என்றே பேர். ஆம்புலன்ஸ் கூப்பிடுவதானாலும் யாராவது பைக்கை எடுத்துக்கொண்டு போன் பாறைக்குப் போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமில்லை.

அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயதிருக்கும், மரவள்ளி போடுகிறவர். கார்டில் இரண்டே பேர், அவரும் மனைவியும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த அம்மா உண்டாகியிருந்தது. எடை போட்டு முடித்த பிறகும் போகாமல் நின்றார்.

"சார், கொழந்த பொறந்தா எத்தினி நாள்ல கார்டுல பேரு ஏத்தலாம்? இன்னா பேப்பர் வேணும்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறப்புச் சான்றிதழ் வாங்கட்டும், நானே போட்டுத் தருகிறேன் என்றேன்.

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "வர்ற ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரில சேத்துடுங்கன்னு நர்ஸம்மா சொல்லிக்கிறாங்க சார். ஒரு லிட்டர் வச்சிக்கினு கீறேன். கூர வாரையில கட்டித் தொங்கவுட்டிருக்கேன், வேற யாருக்கும் குடுக்கல. எங்க ஊரு வேனுக்கு அது பத்தாது. நீங்க வியாழக்கெழம வரும்போது ஒரு ரெண்டு லிட்டர் எப்பிடியாவது கொணாந்து குடுங்க சார். என்னா வெலைன்னாலும் குடுத்துடறேன்."

கட்டிலுக்கு அடியில் பத்து லிட்டர் வைத்திருக்கிறவன் நான். டேங்க்கும் முட்ட முட்ட இருக்கிறது. கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் வாய் வேறு சொன்னது.

"எங்கப்பா, பங்க்ல பாட்டில்ல தரவே மாட்டேன்றான். என் வண்டிக்கே இல்ல. இன்னைக்கே தள்ளிக்கினு போவணுமோ என்னமோ."

இப்போது யோசித்தால் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஒருத்தருக்குக் கொடுத்தால் ஊரே கேட்கும் என்று நினைத்திருப்பேன். பதுக்கி வைத்திருப்பது வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்றும் நினைத்திருப்பேன். அவர் நான் சொன்னதை அப்படியே நம்பி, "பரவால்ல சார், பாத்து போங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கிளம்பினேன். மலையிலிருந்து இறங்கும்போது எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெட்ரோல் விலை ஏற ஏற அது வந்தது. இறக்கம் தொடங்கியதும் வண்டியை ஆஃப் செய்து, நியூட்ரலில் விட்டுவிடுவோம். அடிவாரம் வரைக்கும் ஒரு சொட்டு செலவில்லை. மலைக்கு வேலைக்குப் போகிற பாதிப் பேர் இதைச் செய்கிறோம், இது தப்பு என்பதும் பாதிப் பேருக்குத் தெரியும். கியரில் இல்லாவிட்டால் எஞ்சின் வண்டியின் வேகத்தைப் பிடிக்காது, பாரமெல்லாம் பிரேக் மேல்தான். அன்றைக்கு டேங்க் நிறைய இருந்தும் நான் வண்டியை ஆஃப் செய்தேன். தட்டுப்பாட்டு நாளில் மிச்சம் பிடிக்காமல் வேறு எப்போது பிடிப்பது என்ற கெட்டிக்காரத்தனம்.

ஊருக்குக் கீழே மூன்றாவது வளைவில் பிரேக் கால் வைக்க வைக்க உள்ளே போனது. பிடிக்கவில்லை. கை பிரேக்கும் காய்ந்து வழுக்கியது. கியர் போட்டுப் பார்ப்பதற்குள் வளைவு வந்துவிட்டது. ஓரத்து ஜல்லியில் சக்கரம் ஏறியது மட்டும் ஞாபகம். கண் திறந்தபோது ஓடைப் பள்ளத்தில் கிடந்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான திசையில் திரும்பியிருந்தது. எலும்பு வெளியே வந்திருப்பதை நானே பார்த்தேன்.

புளியம்பழம் உலுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். ஒருத்தி தன் முந்தானையைக் கிழித்து என் தொடையில் கட்டினாள். இன்னொருத்தி ஊருக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள், அந்த மரவள்ளிக்காரரும் வந்தார். யாரோ "பீடிய அணைங்கடா" என்று கத்தினார்கள். அப்போதுதான் எனக்கும் நாற்றம் தெரிந்தது. என் வண்டி தலைகீழாகக் கிடந்தது. டேங்க் பாறையில் மோதிப் பிளந்து, நிறைய இருந்த பெட்ரோல் முழுக்க மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

மரவள்ளிக்காரர் அந்த ஈரத்தைப் பார்த்தார். அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என் வண்டிக்கே இல்ல" என்று காலையில் சொன்னவன் நான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்கால பஸ் போய் அரை மணி ஆகியிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது கீழேயிருந்து ஏறி வருவதற்குள் என் ரத்தம் தாங்காது என்று பேசிக்கொண்டார்கள். ஊரில் ஒரு பழைய பெட்ரோல் வேன் இருந்தது. சந்தைக்கு மரவள்ளி ஏற்றிப் போவது. அதில் ஒரு சொட்டு இல்லை. அப்புறம் நடந்ததை நான் பள்ளத்தில் படுத்தபடி காதால் கேட்டேன். ஒருவர், "என் வண்டில அரைக்கா லிட்டர் இருக்கும்" என்றார். இன்னொருவர், "என்னுதுல கலக்குனா சத்தம் வருது" என்றார். வாசலில் நின்ற வண்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சாய்த்து, டியூப் போட்டு, வாயால் உறிஞ்சி வேனில் ஊற்றியிருக்கிறார்கள். நான் என் வீட்டில் செய்த அதே வேலை. அது பத்தவில்லை. கடைசியில் மரவள்ளிக்காரர் வீட்டுக்குப் போய், கூரை வாரையில் தொங்கிய பாட்டிலை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

அவர் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாம். இதைப் பிறகு வேன்காரர் சொன்னார். "எடுத்துக்கினு போ, நமக்கு இன்னும் நாள் கீது" என்று அந்த அம்மாதான் சொன்னதாம்.

கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வழியெல்லாம் மரவள்ளிக்காரர் என் காலைத் தன் மடியில் வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் வேட்டி முழுக்க என் ரத்தம். தகவல் தெரிந்து என் மனைவி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். காலில் கட்டுப் போட்டு, ஊசி போட்டு, வார்டில் படுக்க வைத்தார்கள். வலி கொஞ்சம் அடங்கியிருந்தது. எனக்கு நல்ல நினைவு இருந்தது. ஊசி மயக்கம் என்று இன்றைக்குச் சொன்னால் அது பொய்.

மரவள்ளிக்காரரும் வேன்காரரும் வெளியே போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். மரவள்ளிக்காரர் என் கால்மாட்டில் நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"சார், ஊத்துன எண்ணெ எறங்கறதுக்கே சரியாப் போச்சி. மேல ஏறணும். நாலு பங்க் பாத்துட்டோம், ஸ்டாக் இல்லன்னு போர்டு மாட்டிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருகிட்டயாவது ஒரு ரெண்டு லிட்டர் கெடைக்குமா? வேன் மேல இருந்தா எங்களுக்குக் கொஞ்சம் தைரியம்."

என் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "எங்க வூட்ல..." என்று ஆரம்பித்தாள்.

போர்வைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். நன்றாக அழுத்தமாக அமுக்கினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "எங்க வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களே. இருந்தா எங்கனா கேட்டுப் பாக்கச் சொல்லலாம்" என்று முடித்தாள்.

ஏன் அமுக்கினேன்? காலையில் இல்லை என்றேன். வண்டியிலிருந்து ஓடியதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். இப்போது வீட்டிலும் பத்து லிட்டர் இருக்கிறது என்று தெரிந்தால் என் மானம் என்ன ஆவது? அடுத்த கட்டிலில் இருக்கிறவர்கள் வேறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நாளைக்கு வேலைக்குப் போக நமக்கு வேண்டாமா என்றும் தோன்றியது. கால் இரண்டாக முறிந்து கிடக்கிறவனுக்கு நாளைக்கு வண்டியோட்டப் பெட்ரோல்! புத்தி கெட்டுப்போனால் எவ்வளவு தூரம் கெடும் என்று நான் தெரிந்துகொண்டது அந்தக் கட்டிலில்தான்.

"பரவால்ல சார். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். மலைக்குப் போகிற வழியில்தான் எங்கள் தெரு. வேன் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறது. தாண்டி, அடிவாரத்துச் செக்போஸ்ட் வரைக்கும் ஓடி, அங்கே நின்றுவிட்டது. இரண்டு பேரும் மலையை நடந்தே ஏறினார்கள்.

மறுநாள் மரவள்ளிக்காரர் பஸ்ஸில் இறங்கி வந்து, கையில் பாட்டிலோடு பங்க் பங்க்காக அலைந்திருக்கிறார். இருந்த ஓரிரண்டு இடத்திலும் பாட்டிலில் தரமாட்டோம், வண்டியைக் கொண்டுவா என்றார்களாம். அவர் பைக் மலைமேல் காலி டேங்க்கோடு நிற்கிறது, வேன் செக்போஸ்டில் நிற்கிறது. வெறுங்கையோடு பஸ் ஏறிப் போயிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை எனக்குக் காலில் கம்பி வைத்து ஆபரேஷன் நடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மருந்துச் சீட்டோடு கீழே போன என் மனைவி, மருந்து வாங்காமலே திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே மரவள்ளிக்காரர் வந்தார். அதே வேட்டி. துவைத்தும் போகாமல் என் ரத்தக் கறை பழுப்பாக இருந்தது.

"கால் எப்பிடி சார் இருக்குது?" என்று கேட்டார். முதலில் அதைத்தான் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்தார். அழவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். விடியற்காலையில் மனைவிக்கு நாளுக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. வேன் செக்போஸ்டில் நிற்கிறது. ஊரில் எந்த வண்டியிலும் போன் பாறை வரைக்கும் போகக்கூடப் பெட்ரோல் இல்லை, எல்லாவற்றையும் செவ்வாய்க்கிழமை உறிஞ்சியாகிவிட்டது. அவர் போன் பாறைக்கு ஓடியிருக்கிறார். மூன்று கிலோமீட்டர் ஏற்றம், ஓடியே போயிருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தது, வந்து ஏற்றவும் செய்தார்கள். ஆனால் அதற்குள் நேரம் கடந்துவிட்டது. கொடி சுற்றியிருந்ததாம். குழந்தை உயிரோடு பிறக்கவில்லை.

"பொம்பளப் புள்ள சார்" என்றார். "ஒரு அர மணி முன்னால கொணாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு சொல்றாங்க."

அவருக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை. சும்மா சொன்னார், என்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.  அரை மணி. என் மனைவியின் கையை அமுக்காமல் இருந்திருந்தால், செவ்வாய்க்கிழமையே வேன் எங்கள் வாசலில் நின்று, இரண்டு கேனையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிருக்கும். வெள்ளிக்கிழமை விடியற்காலை அந்த வேன் அவர் வீட்டு வாசலில் நின்றிருக்கும். போன் பாறையே தேவைப்பட்டிருக்காது. கூட்டிக் கழித்துப் பார்க்க வேறு ஒன்றுமில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு முழுவதும் அழுதேன். கால் வலிக்கிறது என்று நினைத்து நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார்.

என் மனைவி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், "வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம்தான் வந்தாள். அவள் கையில் பெட்ரோல் நாற்றம் அடித்தது. 

எங்கே போனாள் என்பதை மரவள்ளிக்காரர் வாயால் தெரிந்துகொண்டேன். ஒரு வாரம் கழித்து என்னைப் பார்க்க வந்தபோது சொன்னார். பிள்ளை சத்தம் கேட்கிற அந்த வார்டில் ஒரு நிமிஷமும் இருக்க மாட்டேன் என்று அவர் மனைவி பிடிவாதம் பிடித்ததாம். எப்படிக் கூட்டிப் போவது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி ஆட்டோவில் இரண்டு கேனை வைத்துக்கொண்டு செக்போஸ்டுக்குப் போய், பஸ்ஸில் சொல்லி அனுப்பி வேன்காரரை வரவழைத்து, தன் கையாலேயே புனல் வைத்து ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அந்த வேனில்தான் அந்த அம்மா வெறும் மடியோடு மலையேறியது.

"எங்கெங்க அலைஞ்சி வாங்கியாந்தாங்களோ, உங்க வூட்டம்மா. மறக்க மாட்டோம் சார்" என்றார்.

அந்தப் பத்து லிட்டர் கடைசியில் அதற்குத்தான் பயன்பட்டது. பதுக்கி வைத்தவனுக்கு நன்றியும் கிடைத்தது.

பங்க் எதுவும் பத்து நாள் மூடவில்லை. அடுத்த வாரமே லாரி வந்து, வரிசை மறைந்து, எல்லாம் பழையபடி ஆனது. விலை ஏறியது உண்மைதான். ஏதோ கொஞ்சம் ஏறியது, நாங்களும் முணுமுணுத்துக்கொண்டே பழகிவிட்டோம். அந்த வாட்ஸ்அப் தகவலை இப்போது யாரிடம் கேட்டாலும், "அப்பிடியா, எப்ப?" என்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். இப்போது பஸ்ஸில்தான் போகிறேன். நடையில் ஒரு சாய்வு வந்துவிட்டது. மலை சனங்கள் முன்பைவிடப் பிரியமாக இருக்கிறார்கள். ஸ்டூல் எடுத்துப் போடுகிறார்கள், மூட்டையைத் தூக்க விடுவதில்லை. கூட்டம் முண்டியடித்தால் நான் இப்போது சத்தம் போடுவதில்லை. "ஒருத்தரே ரெண்டு பங்கு" என்று சொல்ல ஆரம்பித்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஒரு விஷயம் மட்டும் என்னைத் தூங்கவிடுவதில்லை. என் மனைவி ஊற்றிவிட்டு அந்தக் காலி கேன்களை வேனிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அவை கடைக்கு வந்துவிட்டன. மரவள்ளிக்காரர்தான் கொண்டுவந்தார். கழுவித் துடைத்து, மூடி போட்டு, கடை வாசலில் வைத்தார். சிவப்பு பெயின்ட்டில் என் கையெழுத்தில் கடை நம்பர். அந்தக் கேன்களிலிருந்து எத்தனையோ வருஷம் அவருக்கு நானே மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறேன். கேனில் எந்த பங்க்கும் தராத அந்த வாரத்தில், அந்தப் பெட்ரோல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவருக்குப் புரியாமலா இருக்கும்? "உங்க கேனு சார்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

மாதா மாதம் அவர் வருகிறார். மெஷினில் கட்டை விரலை வைக்கிறார். திரையில் அதே இரண்டு பேர் வருகிறது. நான் அரிசியை எடை போடுகிறேன், "கால் வலி இப்ப கம்மியா சார்?" என்று அவர் கேட்கிறார், கம்மி என்கிறேன். உண்மையை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன். அவரிடம் சொல்லத் தைரியமில்லாமல்தான் முகம் தெரியாத உங்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கார்டில் ஏற்றித் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்த மூன்றாவது பேர், என் கட்டிலுக்கு அடியில்தான் செத்தது.